ஆம்புலன்ஸில் ஒரு யகரம்

ஆம்புலன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஒரு யகரம் ஒளிந்திருக்கிறது. எழுத்தில் அது இல்லை, ஆங்கிலேயர் வாயில் இருக்கிறது. நாம் அந்தச் சொல்லைத் தமிழுக்குள் கூட்டி வந்தபோது அது வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. டாக்குமெண்ட், பாப்புலர், ரெகுலர், கால்குலேட்டர், பர்ட்டிகுலர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவர்கள் சொல்வது ஏறக்குறைய 'ஆம்-ப்ய-லன்ஸ்', 'டாக்-ய-மன்ட்', 'கால்-க்ய-லே-ட்டர்' என்று வரும். தமிழ் எழுத்தில் இதைக் காட்டுவது அரைகுறை வேலை. அந்த 'ய' முழு யகரம் அல்ல. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அகரம் முழு அகரமும் அல்ல. கட்டுரை முடியும்வரை இந்தச் சிரமத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அரை அகரத்தைத்தான் எங்கள் தொழிலில் ஷ்வா என்போம். ஒலியியல் புத்தகங்களில் ஆங்கிலச் சின்ன ஈ எழுத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு அதைக் குறிப்பார்கள். ஆங்கிலப் பேச்சில் வரும் பத்து ஒலிகளில் ஏறத்தாழ ஒன்று இதுதான். நாற்பது வருடங்களை நெருங்குகிறது நான் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து. முதலில் கல்லூரி, அப்புறம் கால் சென்டர், இப்போது வெளிநாடு போகும் நர்சுகள். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: ஷ்வாவைச் சொல்லிக்கொடுக்க முடியாது, அது தானாக வரவேண்டும். அந்த ஒளிந்திருக்கும் யகரமோ தானாக வராது, சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஒலியியல் என்று ஒரு தாள் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொரு மெய்யொலிக்கும் மூன்று பகுதி விளக்கத்தை மனப்பாடம் செய்வார்கள். குரல்நாண் அதிர்கிறதா, வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது, எந்த விதத்தில் பிறக்கிறது என்று கடகடவென்று எழுதி எண்பது மார்க் வாங்குவார்கள். அந்தத் தாளில் தேறுவதற்கு ஒருவர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. ஆங்கிலம் பேசிக் காட்ட ஆளும் இல்லை. பாடம் நடத்திய நாங்களும் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள்தான். இரவில் பி.பி.சி. உலகச் சேவையைச் சிற்றலையில் பிடித்துக் கேட்டதுதான் எனக்கு இருந்த ஒரே மொழிக்கூடம்.

பிறகு ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். அப்போது அதன் பெயர் சி.ஐ.இ.எஃப்.எல்.; 2007 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாகி இஃப்லு ஆகிவிட்டது. இந்தியா முழுவதும் இருந்து வந்த ஆசிரியர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மரத் தடுப்புகளுக்குள் வரிசையாக உட்கார்ந்து டேப்போடு மல்லுக்கட்டுவோம். ஆர்.கே. பன்சாலும் ஜே.பி. ஹாரிசனும் எழுதிய 1972ஆம் வருடத்துப் பாடப்புத்தகம் எங்கள் வேதம். தமிழரான டி. பாலசுப்ரமணியனின் ஒலியியல் நூல் 1981இல் வந்திருந்தது. இன்றும் இந்தியக் கல்லூரிகளில் ஆங்கில ஒலியியல் என்றால் அநேகமாக அந்தப் புத்தகம்தான். பன்சால் அதற்கு முன்பே இந்தியர்களின் ஆங்கிலத்தைப் பிற நாட்டவரிடம் போட்டுக்காட்டி, எங்கே புரியாமல் போகிறது என்று ஆராய்ந்திருந்தார். தனித்தனி ஒலிகளைவிட, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது பெரிய காரணம் என்று அவர் கண்டுபிடித்தது என் மூளையில் ஆணி அடித்ததுபோல் பதிந்தது.

அழுத்தம் என்றால் என்ன என்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு முன்னால் நம் மொழியின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. எழுத்து எங்கே நின்றாலும் பெரும்பாலும் அதற்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். ஆங்கிலம் அப்படி நியாயமாக நடந்துகொள்வதில்லை. ஒரு சொல்லில் ஒரு அசைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பட்டினி போடும். பனானா என்ற சொல்லில் மூன்று இடத்திலும் ஒரே எழுத்துதான். நடுவில் இருப்பதற்கு மட்டும் முழு நீளம். முன்னும் பின்னும் இருப்பவை இரண்டும் ஷ்வா. நாமோ மூன்றுக்கும் பந்தியில் சமமாகப் பரிமாறியதுபோல் சொல்கிறோம் என்று எழுத ஆசைதான். ஆனால் வகுப்பில் நான் சொன்ன உதாரணம் வேறு, அதுதான் வேலையும் செய்தது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட். அதில் ஒருவர் அகலமாக உட்கார்ந்தால் மற்ற இருவரும் தானாக ஒடுங்கிக்கொள்வார்கள். "கொஞ்சம் ஒடுங்குங்க" என்று அவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அகலமாக உட்காருகிறவர் யார் என்று கண்டுபிடித்தால் போதும்.

போட்டோகிராஃப் என்றால் முதல் அசை அகலம். போட்டோகிராஃபி என்றால் அவர் எழுந்து இரண்டாவது ஆளுக்கு இடம் கொடுத்துவிடுவார்: 'ஃப-டாக்-ர-ஃபி'. போட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவது ஆள். மூன்று சொல்லிலும் ஒடுங்குகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இதை ஒலிக்குறி போட்டு மனப்பாடம் செய்யச் சொன்ன வகுப்புகளில் ஒருவருக்கும் வந்ததில்லை. மேசையில் தட்டி, அந்த ஒரு அசைக்கு மட்டும் நீளமும் உயரமும் கொடுக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு அன்றைக்கே வந்துவிடும். ஷ்வா என்ற பெயரையே சொல்லாமல் ஒரு பருவம் முழுக்க நடத்தியிருக்கிறேன்.

பெயரைச் சொல்லிக் கற்பிக்கும்போது என்ன ஆகிறது என்றால், பிள்ளைகள் அந்த ஒலியை நன்றாக உச்சரிக்கப் பார்க்கிறார்கள். 'அ...' என்று வாயைத் திறந்து, நிறுத்தி, தெளிவாக. தெளிவாகச் சொன்ன மாத்திரத்தில் அது ஷ்வாவாக இருப்பதில்லை.

"எனக்கு இந்த ஒலி வராது மேடம், தமிழ்ல இல்லையே" என்று ஒரு மாணவன் சொன்னான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். அவனைக் 'காசு' என்று சொல்லச் சொன்னேன். பிறகு 'பசு' என்று சொல்லச் சொன்னேன். கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொல் என்றேன். பசுவுக்கு உதடு குவிந்தது, காசுக்குக் குவியவில்லை. குற்றியலுகரம் என்று எட்டாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்குப் படித்தது, தன் வாயிலேயே நடக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு மாத்திரை உகரம் அரை மாத்திரையாகிறது, உதடு தளர்கிறது, நாக்கு எங்கும் போகாமல் நடுவில் கிடக்கிறது. ஷ்வாவுக்கு வாய் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று ஒலிகள் ஒடுங்குவதற்குக் கணக்குப் போட்டு வைத்த மொழி நம்முடையது. நம் வாய்க்கு ஒடுக்கத் தெரியாது என்பது வெறும் பேச்சு. எங்கே ஒடுக்குவது என்பதில்தான் இரண்டு மொழியும் வேறுபடுகின்றன: நாம் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் ஒடுக்குகிறோம், அவர்கள் அழுத்தம் இல்லாத எந்த இடத்திலும் ஒடுக்குகிறார்கள்.

2000களின் தொடக்கத்தில் சென்னையில் கால் சென்டர்கள் பெருகின. கல்லூரிச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு வி அண்ட் ஏ டிரெய்னராகப் போனேன். வாய்ஸ் அண்ட் அக்சென்ட் என்பதன் சுருக்கம் அது. சாயங்காலம் கேப் வரும், விடியற்காலை இறக்கிவிடும். இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் இரவு முழுக்க ஓஹையோ மாநிலத்துக்காரர்களிடம் கிரெடிட் கார்டு பாக்கியைப் பற்றிப் பேசினார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே நோய்ப்பெயர்: எம்.டி.ஐ. மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ், அதாவது தாய்மொழிச் சாயல். டிரெய்னர் கையில் ஒரு தாள் இருக்கும். அழைப்பை ஒட்டுக்கேட்டு, எம்.டி.ஐ. எத்தனை என்று டிக் அடிக்க வேண்டும். தாய்மொழியைக் கிருமியைப்போல் எண்ணிய அந்தத் தாளை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

தமிழ்ப் பிள்ளைகளின் தாளில் அதிகம் விழும் டிக் யகரத்துக்குத்தான். வேண்டிய இடத்தில் இருக்காது, வேண்டாத இடத்தில் இருக்கும். தமிழ்ப் பேச்சில் சொல்லின் முதலில் எகரம் வந்தால் அதற்கு முன்னால் ஒரு மெல்லிய யகரம் ஒட்டிக்கொள்ளும். ஒகரம் வந்தால் வகரம். எம்.எல்.ஏ.வை நாம் 'யெம்மெல்லே' என்கிறோம். அதனால் எவ்ரிதிங் 'யெவ்ரிதிங்' ஆகும், ஒன்லி 'வொன்லி' ஆகும். இதைக் கண்டித்துக் கண்டித்து, யகரம் என்றாலே தப்பு என்ற பயம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். அப்புறம் வருடத்தைக் குறிக்கும் 'யியர்' காதைக் குறிக்கும் 'இயர்' ஆகிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்பதால் பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

அந்தக் காலத்தில் எனக்குப் பெரிதாகக் கைகொடுத்தவை அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள். ஐம்பதும் ஏஜென்டுகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். முகவரி சரிபார்க்கும்போது வாடிக்கையாளர் சொல்வது காதில் விழவேண்டும். ஆரகன், மிஷிகன் இரண்டும் முதல் அசையில் அகலம். மீதி இரண்டு அசையும் ஒடுங்கிவிடும். கனெக்டிகட்டில் நடுவில் இருக்கும் ககரத்தை அவர்கள் சொல்வதே இல்லை. கலிபோர்னியா, பென்சில்வேனியா, வர்ஜினியா என்ற மூன்றும் நம் வாயில் முழங்கும். அவர்களுக்கோ கடைசி 'னியா' ஒரே தட்டு: 'ன்ய'. னியில் இருக்கும் இகரம் உயிராக நிற்காமல் யகரத்துக்குள் கரைந்துவிடும். இதற்கும் நம் இலக்கணத்தில் இடம் உண்டு. கேண்மியா என்ற சொல்லின் மியாவில் இகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலிகரம் என்பார்கள். நம் பேச்சிலிருந்து எப்போதோ மறைந்துபோன ஒலி. நன்னூல் வகுப்பில் தூங்கி வழிந்த ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நன்னூல்காரரை வர்ஜினியா ப்ராசஸ்ல போடலாமே மேடம்" என்றான். வகுப்பு சிரித்தது, ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் வர்ஜினியா வந்தது. இதே கணக்கில்தான் ஆனியன் ஊத்தப்பத்தின் ஆனியனும். நமக்கு மூன்று அசை, அவர்களுக்கு 'அன்-யன்' என்று இரண்டே. மில்லியன், ஒப்பீனியன், யூனியன் எல்லாம் அதே குடும்பம்.

யகரத்தைப் பொறுத்தவரை அமெரிக்கர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. நியூஸை நூஸ் என்பார்கள், ஸ்டூடன்ட் என்பார்கள், செவ்வாய்க்கிழமையை டூஸ்டே என்பார்கள். யகரத்தை விழுங்கிவிடுவது அவர்கள் பழக்கம் என்று கற்றுக்கொண்ட ஒரு பெண், ஆர்வக்கோளாறில் மெனூ, வாலூ, கன்டினூ என்று ஆரம்பித்துவிட்டாள். அமெரிக்கர் அப்படிச் சொல்வதில்லை. மென்யூ, வால்யூ, கன்டின்யூ என்று யகரத்தோடுதான் சொல்கிறார்கள். காரணம் அழுத்தம்தான். நகரம், டகரம் போன்ற நுனிநாக்கு ஒலிகளுக்குப் பின்னால் அழுத்தம் உள்ள அசையில் யகரம் போய்விட்டது. அழுத்தம் இல்லாத அசையில் பிழைத்திருக்கிறது. பலமான இடத்தில் செத்து, பலவீனமான இடத்தில் வாழும் ஒலி இது. எதிர்ப்பக்கம், ஃபிகர் என்ற சொல்லில் பிரிட்டிஷ்காரர் யகரம் போடுவதில்லை, அமெரிக்கர் 'ஃபிக்-யர்' என்கிறார். நம் கல்லூரி வாசல் ஃபிகர் யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சில சொற்களில் யகரம் முன்னால் இருக்கும் மெய்யோடு உருகிப்போயிருக்கிறது. எஜுகேஷன், கிராஜுவேட், நேச்சர், பிக்சர் இவற்றில் இருக்கும் ஜகரமும் சகரமும் ஒருகாலத்தில் டகரமும் யகரமும் சேர்ந்து உருகியவை. இவற்றைத் தமிழர்கள் சரியாகவே சொல்கிறார்கள், யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் தொலைத்துவிட்ட யகரத்தின் எச்சத்தை நேச்சரில் எப்படிக் காப்பாற்றினோம்? காதால் வந்த சொற்கள் உருகிய வடிவத்தோடு வந்தன, கண்ணால் வந்த சொற்கள் எழுத்தைப் பார்த்து வாசிக்கப்பட்டன என்பது என் ஊகம்.

அந்த வருடங்களில் நடந்த ஒரு சம்பவத்தைப் புதிய டிரெய்னர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். கார்டு பாக்கிக்கான ப்ராசஸ் அது. அபராதத் தொகையைத் தள்ளுபடி செய்ய ஏஜென்டுக்கு அதிகாரம் உண்டு. வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. நல்ல குரல், பணிவான பேச்சு. அவளுடைய அழைப்புகளில் மட்டும் வாடிக்கையாளர்கள் கோபப்பட்டு மேலதிகாரியைக் கேட்டார்கள். டீம் லீடர் அவளைத் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டார். பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது, அபராதத்தை என்னால் தள்ளுபடி செய்ய முடியும் என்பதுதான்: 'ஐ கேன் வேவ் த ஃபீ'. ஐந்து சொல்லும் கணீரென்று, ஒவ்வொன்றும் சம எடையில். கோளாறு அந்தக் கணீரில்தான் இருந்தது.

அமெரிக்கர் பேச்சில் நடுவில் வரும் 'கேன்' முழுதாகக் கேட்காது, 'க்ன்' என்று ஒடுங்கிவிடும். முடியாது என்னும் 'கேன்ட்' மட்டும்தான் முழு உயிரோடு வரும். அதன் கடைசி டகரத்தையோ அவர்கள் தொண்டையிலேயே அடக்கிவிடுவார்கள், வெளியே விடமாட்டார்கள். ஆகவே முடியும், முடியாது இரண்டையும் அவர்கள் காது பிரித்தறிவது பெரும்பாலும் உயிரின் எடையை வைத்து. இவள் முழு எடையில் 'கேன்' என்றதும், எதிர்முனையில் இருந்தவர் 'முடியாது' என்று கேட்டுவிட்டார். தள்ளுபடி கொடுக்கிற பெண்ணிடம், ஏன் கொடுக்கமாட்டாய் என்று சண்டை.

அவளுக்கு நான் ஷ்வா பாடம் எடுக்கவில்லை. "வேவ்ங்கற சொல்லை மட்டும் நல்லா இழுத்து, கொஞ்சம் உசத்திச் சொல்லும்மா. மத்ததைப் பத்திக் கவலைப்படாதே" என்றேன். பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். வேவ் அகலமானதும் கேன் தானாக ஒடுங்கியது. டீம் லீடருக்கு இதை நம்பவைக்கத்தான் நேரம் பிடித்தது. திமிர் என்று எழுதிவைத்ததைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் அவளை வேறு டீமுக்கு மாற்றினார்கள், அங்கே அவள் நன்றாக வந்தாள்.

2010 வாக்கில் குரல் வேலைகளில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது. எங்கள் ஃப்ளோரிலும் ஒவ்வொரு ப்ராசஸாக மணிலாவுக்குப் போனது. மிச்சம் இருந்தவை சாட், மின்னஞ்சல், பின்னணி வேலை. டிரெய்னர்கள் பலர் சாஃப்ட் ஸ்கில்ஸ் பக்கம் ஒதுங்கினார்கள். கை குலுக்குவது எப்படி, உட்காருவது எப்படி என்று நடத்த எனக்கு விருப்பம் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு வகுப்பெடுக்க வந்துவிட்டேன். இன்றுவரை அதுதான்.

இடையில் எங்கள் துறையிலேயே ஒரு சர்ச்சை கிளம்பியிருந்தது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 2000ஆம் வருடத்தில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது எது புரியாமல் போகிறது என்று பார்த்து, கற்பித்தே தீரவேண்டியவற்றை ஒரு சிறு பட்டியலாகச் சுருக்கினார். சொற்களை ஒடுக்கிச் சொல்வது அந்தப் பட்டியலில் இல்லை. ஒடுக்காமல் முழுதாகச் சொன்னால்தான் மற்ற நாட்டவருக்கு இன்னும் எளிதாகப் புரியும் என்பது அவர் கட்சி. இதைப் படித்ததும் சக டிரெய்னர்கள் சிலர் நம் பிழைப்பில் மண் விழுந்தது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துபாயில் ஒரு தமிழரும் ஒரு கொரியரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள ஷ்வா வேண்டாம் என்பது உண்மை. எம்.டி.ஐ. தாளைக் கிழித்துப்போட அது நல்ல நியாயமும்கூட. ஆனால் ஜென்கின்ஸ் வாயைப் பற்றித்தான் பேசினார். எதிரில் இருப்பவர் ஒடுக்கிப் பேசினால் நம் காது என்ன செய்யும்?

அந்தக் கேள்விக்குப் பதில் நர்சுகள் வகுப்பில் தினமும் கிடைக்கிறது. பிரிட்டனின் செவிலியர் மன்றம் 2017இல் ஓ.இ.டி. என்னும் மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வை ஏற்றுக்கொண்டது. அதுவரை ஐ.இ.எல்.டி.எஸ்.ஸோடு முட்டிக்கொண்டிருந்த நம் நர்சுகளில் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். நோயாளியும் மருத்துவரும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது தேர்வில் ஒரு பகுதி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ், பத்து வருட அனுபவம், ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர். ஒரு பதிவில் நோயாளி, மாத்திரை இரண்டோ மூன்றோ போட்டுக்கொண்டேன் என்கிறார். ஆங்கிலத்தில் அது 'டூவத்ரீ' என்று வருகிறது. இவர் குறிப்பில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தார்.

"மேம், அவங்க 'ஆர்'னே சொல்லலையே?"

"சொன்னாங்கம்மா. ஒடுக்கிச் சொன்னாங்க. இன்னொரு தடவை கேளு."

மூன்றாவது முறை கேட்டபோதும் அவருக்கு விழவில்லை. பூ என்பதோடு அழகு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பூவழகு என்றார். நடுவில் வகரம் எங்கிருந்து வந்தது? உடம்படுமெய் என்று பதில் வந்தது. டூவோடு ஒரு அரை அகரம் சேர்ந்தாலும் அதே வகரம்தான் நடுவில் வரும், அந்த அரை அகரம்தான் 'ஆர்' என்றேன். மறுபடி போட்டேன். "ஐயோ, இருக்கு மேம்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு 'கப்ளவ்' என்றால் கப்பிள் ஆஃப் என்றும், 'ஃபரனவர்' என்றால் ஒரு மணி நேரமாக என்றும் கேட்க ஆரம்பித்தது. முழுதாகப் பேசியே பழகிய காதுக்கு ஒடுங்கிய சொல் இல்லாத சொல். ஒருமுறையாவது தானே ஒடுக்கிச் சொல்லிப் பார்த்தால்தான் அது கேட்கத் தொடங்கும். நான் நர்சுகளுக்கு ஷ்வாவைப் பழக்குவது அவர்கள் இங்கிலாந்துக்காரர்போல் பேச வேண்டும் என்பதற்காக அல்ல.

யகரமும் இங்கே தினசரிச் சரக்கு. தோள்பட்டை எலும்பு ஸ்காபுலா, காலில் ஃபிபுலா, வாஸ்குலர், வென்ட்ரிகுலர், மஸ்குலர்: நர்சிங் கல்லூரியில் எழுத்தைப் பார்த்துப் படித்த சொற்கள் எல்லாவற்றிலும் அது தொலைந்திருக்கும். 'ஸ்காப்-ய-ல', 'ஃபிப்-ய-ல', 'வென்-ட்ரிக்-ய-லர்' என்று பழக்குகிறேன். சொன்னதும் நல்ல பிள்ளைகளாக 'ஸ்காப்யூலா' என்று யூவை நீட்டி முழக்குவார்கள். யகரத்தைக் கொண்டுவந்த கையோடு அதன்மேல் ஏறும் உயிரை ஒடுக்க வேண்டும். அகராதிகள் இந்த இடத்தில் குறுகிய யு, ஷ்வா இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன, நெடிலை மட்டும் ஏற்பதில்லை. இன்சுலின் போன்ற சொல்லில் நாட்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டனுக்குப் போகிறவருக்கு 'இன்-ஸ்யு-லின்', அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு யகரமே இல்லாமல் 'இன்-ஸ-லின்'. யகரம் இல்லாமல் ஆம்புலன்ஸ் என்றால் யாருக்கும் புரியாமல் போய்விடாது, உயிர் ஒன்றும் போகாது. ஆனால் ஒரே வாக்கியத்தில் நான்கு சொல் இப்படி வந்து, அழுத்தமும் இடம் மாறி விழுந்தால், ஷிப்ட் மாற்றும் அவசரத்தில் இருக்கும் எதிராளி சலித்துப்போய்த் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஆபத்து அந்தத் தலையாட்டலில் இருக்கிறது.

கருவிகள் மாறியிருக்கின்றன. கேசட்டைப் பென்சில் விட்டுச் சுற்றிய காலம் போய், ஜான் வெல்ஸின் உச்சரிப்பு அகராதியைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலமும் போய், இப்போது எந்தச் சொல்லையும் கைபேசியில் தட்டினால் பிரிட்டிஷ் குரலிலும் அமெரிக்கக் குரலிலும் சொல்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் ப்ராட் என்ற மென்பொருளில் மாணவியின் குரலைப் பதிந்து, பனானாவின் நடு அசை எவ்வளவு நீளம், ஓரத்து அசைகள் எவ்வளவு நீளம் என்று திரையிலேயே காட்டிவிடலாம். நூறு முறை சொல்வதைவிட ஒருமுறை அந்தப் படத்தைப் பார்ப்பது மேல். சில ஆண்டுகளாக, பேசுகிறவரின் குரலை அப்போதைக்கப்போதே அமெரிக்க உச்சரிப்பாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருளும் கால் சென்டர்களுக்கு வந்துவிட்டது. என் பழைய மாணவன் ஒருவன், "உங்க வேலை போச்சே மேடம்" என்று செய்தி அனுப்பினான். பேசும் வேலை போகட்டும். வார்டில் படுத்திருக்கும் எண்பது வயது யார்க்‌ஷயர்ப் பாட்டி வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டுப் புரிந்துகொள்ள நர்சின் காதுதான் வேண்டும்.

பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் புதுச் சொல் ஒன்றை எழுதும்போது, அர்த்தத்தை எழுதுவதற்கு முன்னால், எந்த அசையில் அழுத்தம் என்று அகராதியில் பார்த்து அதன் அடியில் ஒரு கோடு போடுங்கள். பிள்ளைகளை அந்த இடத்தில் மேசையில் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லின் நடுவில் அழுத்தம் இல்லாத யு எழுத்து வந்து, அகராதி அங்கே யகரம் காட்டினால், அதன் தலைமேல் ஒரு சின்ன 'ய' எழுதிக்காட்டுங்கள். ஷ்வா என்ற பெயரை அவர்கள் காதில் போடவே வேண்டாம். இதற்கு மொழிக்கூடம் தேவையில்லை. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வரும் திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே தொடங்கலாம்.